பருவநிலைப் பூங்காவுக்காக வெட்டிய வேம்புகள்

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஒன்பது வேப்பமரங்களை வெட்ட வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். வேடிக்கைக்காக இதை எழுதவில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னார்கள்.

பெருந்துறைக்கும் கொடுமுடிக்கும் இடைப்பட்ட ஒரு பேரூராட்சியில் நான் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றேன். சாலை, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுச் சுற்றுச்சுவர் என்று என் சர்வீஸில் பார்த்த வேலைகள் நிறைய. புதிதாகப் பணியில் சேர்ந்த பிள்ளைகள், "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒர்க் எது மேடம்?" என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒரு தொட்டியைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது கட்டாமல் போன ஒரு பூங்கா. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எனவே இதைப் பொறுமையாகச் சொல்லுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1. டிராயிங்

வெயிலும் திடீர் மழையும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போவதால், அவற்றைத் தாங்குவதற்கான வேலைகளை உள்ளாட்சிகளே செய்துகொள்ள ஒரு நிதி வந்தது. நல்ல விஷயம். எங்கள் பேரூராட்சிக்கும் கிடைத்தது. கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் பங்குனி பிறந்துவிட்டால் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். செய்வதற்கு எவ்வளவோ வேலை இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் பையன் டிராயிங் போட்டுக்கொண்டு வந்தான். சந்தை மைதானத்தில் "பருவநிலை விழிப்புணர்வுப் பூங்கா". செயற்கை நீரூற்று, பேவர் பிளாக் நடைபாதை, சிமெண்டில் செய்த மரக்கட்டை பெஞ்சுகள். நடுவில், உருகும் பனிக்கட்டிமேல் நிற்கும் ஃபைபர் துருவக்கரடி. டிராயிங்கில் ஒன்பது இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அத்தனையும் வேப்பமரங்கள்.

"தம்பி, இங்க மரம் இருக்குதுங்களே?" என்று கேட்டேன்.

"இருக்குங்க மேடம். லேஅவுட்டுக்குக் குறுக்க வருது. அதுக்குப் பதிலா பத்து மடங்கு கன்னு வெக்கிறோம்னு திட்ட அறிக்கை டி.பி.ஆர்.லயே போட்டிருக்கறேன்."

"நீங்க சைட்டுக்கு என்னைக்கு வந்தீங்க?"

"வியாழக்கிழமைங்க."

"சந்தை செவ்வாய்க்கிழமைங்க தம்பி."

அவன் விழித்தான். "காலி கிரவுண்டுன்னு சொல்லித்தானுங்க கூட்டிட்டு வந்து காட்டுனாங்க" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டி வந்து காட்டியவர்கள் இந்த ஊரிலேயே பிறந்து, அந்தச் சந்தையில் வாங்கிய காய்கறியைத் தின்று வளர்ந்தவர்கள். அவர்கள்மேல்தான் கோபம்.

செயல் அலுவலரிடம் போனேன். எல்லோரும் ஈ.ஓ. என்றுதான் சொல்வோம். மோசமான மனுஷர் இல்லை, ஆனால் பயந்தவர்.

"சாந்தாமணியம்மா, எச்சாப் பேச வேண்டாங்க. மார்ச்சுக்குள்ள ஒர்க் ஆர்டர் போடலீன்னா ஃபண்டு லேப்ஸ் ஆயிரும். சேர்மனுக்கு அந்தக் கரடி நெம்பப் புடிச்சிருக்குது" என்றார்.

2. நிழலோடு நகரும் சந்தை

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே நிரந்தரக் கடை கிடையாது, கூரை கிடையாது. காலையில் வெயில் கிழக்கே இருக்கும்போது மரங்களுக்கு மேற்கே சாக்கை விரித்துக் கடை போடுவார்கள். உச்சிவெயிலில் எல்லோரும் அடிமரத்தை ஒட்டி நெருங்கி வந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் போவார்கள். யாரும் விசில் ஊத மாட்டார்கள். நிழல் நகர்ந்தால் சந்தை நகரும். வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும், காலையில் தக்காளி விற்ற இடத்தில் மத்தியானம் தக்காளி இருக்காது என்று.

மூன்றாவது மரத்தடியில் எஸ்தர் அக்கா கீரை விற்பார். அந்த நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவரை வைத்துத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு கோடைக்கு முன்னால் அவர் பஸ் ஸ்டாண்டு ரோட்டோரத்தில் கடை போட்டிருந்தார். ஒரு மத்தியானம் கீரைக்கட்டின்மேலேயே மயங்கி விழுந்தார். பெருந்துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்ததே பெரிது. இன்னொரு முறை இப்படி வெயிலில் உட்கார்ந்தால் தப்ப முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு, மூன்றாவது மரத்தடியில் வெங்காயம் விற்கும் சின்னச்சாமி அண்ணன் தன் இடத்தில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். சின்னச்சாமி அண்ணன் தோட்டங்காடு உள்ள கவுண்டர் குடும்பம். எஸ்தர் அக்காவின் அம்மா அந்தத் தோட்டத்தில் களை வெட்டியவர். ஊருக்குள் இந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மரத்தடியில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள்.

பூங்கா விஷயத்தை எஸ்தர் அக்காவிடம் நான்தான் சொன்னேன். தண்டுக்கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மரம் போச்சுன்னா நா எங்கீங்க போறது, ஓவர்சியரம்மா? ஊட்டுல உக்காந்தா சோறு இல்ல. வெயில்ல உக்காந்தா உசுரு இல்ல."

"புதுசா சிமெண்டு மேடை கட்டித் தருவாங்களாம், அக்கா."

"அது அடுப்புங்க. மத்தியானத்துல அதும்மேல தோசை ஊத்தலாம்" என்றார். பக்கத்தில் சின்னச்சாமி அண்ணன் சிரித்தார். எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை.

3. மக்கள் பேராதரவு

திட்டத்துக்கு மக்கள் ஆதரவு இருக்க வேண்டும் என்பது அந்த நிதியின் விதி. அதற்காக ஏரியா சபைக் கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. சந்தைக்காரர்கள், கோவில் கமிட்டிக்காரர்கள், சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற பெண்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். என் சர்வீஸில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வழக்கமாக டீ குடிக்க வருகிற கூட்டம்தான் வரும்.

அவர்கள் வெறுமனே "வேண்டாம்" என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, எது வேண்டும் என்று சொன்னார்கள். மரத்தைச் சுற்றி முன்பு யாரோ பூசிய சிமெண்டை உடைத்து வேருக்குத் தண்ணீர் போக வழி விடுங்கள். இடைவெளியில் புங்கனும் வேம்பும் வையுங்கள். இப்போதெல்லாம் மழை ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது, மைதானம் குளமாகிறது, அந்தத் தண்ணீரைக் கோவில் பக்கத்துப் பழைய கிணற்றுக்குத் திருப்புங்கள். டிராக்டர் நாங்கள் தருகிறோம், ஆள் நாங்கள் வருகிறோம், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு. நான் மைதானத்தில் தரைமட்டம் அளந்து லெவல் போட்டு, மாற்று எஸ்டிமேட்டை அந்த வாரமே தயார் செய்து கொடுத்தேன். வெயிலையும் வெள்ளத்தையும் ஒன்றாகச் சமாளிக்கிற வேலை அது. எந்தக் கல்லூரியிலும் மாதிரியாகக் காட்டலாம்.

"மரத்த வெட்டோணும்னா கையத் தூக்குங்க" என்று சேர்மன் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. "வேண்டாம்ங்கறவங்க?" என்றார். மண்டபம் முழுக்கக் கை. முன்வரிசையில் எஸ்தர் அக்கா இரண்டு கையையும் தூக்கினார். போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைதானத்து வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. "மக்கள் பேராதரவுடன் அமைய இருக்கும் பருவநிலைப் பூங்கா." ஒரு பக்கம் சேர்மன் கும்பிடுகிறார். அவருக்குப் பின்னால் அதே மண்டபம், அதே கைகள். எஸ்தர் அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

வேண்டாம் என்று தூக்கிய கையை வேண்டும் என்று அச்சடித்து, அவர் கடை போடும் இடத்துக்கு எதிரிலேயே கட்டிவைத்தார்கள். நேரே சேர்மன் அறைக்குப் போனேன்.

"ஏனுங்க, இது நியாயமா? அவங்க வேண்டாம்னு தூக்குன கைங்க அது."

"அம்மணி, போட்டோவுல கைதானுங்க தெரியுது. எதுக்குத் தூக்குனாங்கன்னா தெரியுது?" என்றார். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு காபி சொன்னார். நான் குடிக்கவில்லை.

மார்ச் முடிவதற்குள் ஒர்க் ஆர்டர் போட்டார்கள். என் எஸ்டிமேட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

4. காப்பு

அந்த நேரத்தில் மாரியம்மன் நோம்பி வந்தது. எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். கோவில் முன்னால் மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தை நடுவார்கள், அதற்குக் கம்பம் என்று பெயர். பதினைந்து நாளும் விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். கம்பம் நட்ட பிறகு ஊரில் யாரும் பச்சை மரத்தில் அரிவாள் வைக்கக் கூடாது. வேலிமுள்ளைக்கூட வெட்டமாட்டார்கள். இது எங்கள் ஊர்க் கட்டு. அந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டவர்களில் சேர்மனும் ஒருவர்.

ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. சின்னச்சாமி அண்ணன் கோவில் கமிட்டியில் இருந்தார். என்னைப் பார்த்து, "கவலைய வுடுங்க அம்மணி. கம்பம் நிக்கற வரைக்கும் எவனும் மரத்துகிட்ட வரமாட்டான். காப்புக் கட்டுன கையி தப்புப் பண்ணாதுங்க" என்றார்.

பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட அளவிலான குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வாங்கவில்லை என்று நான் ஈ.ஓ.விடம் சொன்னேன். "நோம்பி முடியட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார். ஊர்க்காரர்களிடமும் சொன்னேன், உடனே போய்த் தடை வாங்குங்கள் என்று. அவர்கள் மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு யார் கொண்டுபோவது? கமிட்டிக்காரர்கள் எல்லோரும் காப்புக் கட்டியிருந்தார்கள், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நோம்பி வேலை தலைக்குமேல் இருந்தது. கடைசி நாள் மஞ்சநீர் முடிந்த மறுநாள் எல்லோரும் ஒட்டுக்காப் போய்க் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சாமிக்குக் கட்டுப்படுகிற ஊர், எல்லோரும் சாமிக்குக் கட்டுப்படுவார்கள் என்று நம்பிவிட்டது.

5. மஞ்சநீர்

கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி, மேளதாளத்தோடு கொண்டுபோய் ஊருக்கு வெளியே வாய்க்காலில் விடுவார்கள். ஊரே கூடப் போகும். ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடிக்கொண்டு போவார்கள். வீட்டில் கட்டிலில் கிடக்கிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அன்றைக்கு அலுவலகத்துக்கு உள்ளூர் விடுமுறை.

காலை பத்து மணி இருக்கும். என் போன் அடித்தது. எஸ்தர் அக்கா.

"ஓவர்சியரம்மா, மெசின் வந்துருச்சுங்க. அறுக்கறானுங்க. ஓடியாங்க."

எஸ்தர் அக்கா தேவாலயத்துக்குப் போகிறவர். கம்பத்தோடு அவர் போகவில்லை. மறுவாரச் சந்தைக்குத் தன் இடத்தைக் கூட்டி வைக்க வந்திருக்கிறார். ஊர் முழுக்க மேளத்துக்குப் பின்னால் போன நேரத்தில், மைதானத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது ஐந்து மரங்கள் சாய்ந்து கிடந்தன. பச்சை வேம்பு அறுத்த வாசம் மூக்கில் ஏறியது. வரிசை பார்க்காமல் அறுத்திருந்தார்கள்; ஆறாவதாக அறுக்க வேண்டியது எஸ்தர் அக்காவின் மரம். அவர் அடிமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க மரத்தூள். ரம்பம் வைத்திருந்த பையன் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்க மாட்டேங்கறாங்க மேடம். நா என்ன பண்றது?" என்றான்.

"மரம் வெட்ட பர்மிஷன் ஆர்டர் எங்க? எடு" என்றேன் கான்ட்ராக்டரின் மேஸ்திரியிடம்.

"சேர்மன் சொன்னாருங்க. மேளச் சத்தம் வாய்க்காப் பக்கம் போனதும் ஆரம்பிச்சுருன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வண்டியைக் கொண்டுபோய் ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நிறுத்தினேன். சின்னச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது முறைதான் கேட்டது.

வந்தார்கள். மஞ்சள் சொட்டச் சொட்ட ஊரே ஓடி வந்தது. முதலில் வந்தவர்கள் பெண்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. நேரே போய் மிச்சமிருந்த நான்கு மரங்களையும் சுற்றி நின்றுகொண்டார்கள். கடைசியில் சேர்மனும் வந்தார். அவர் சட்டையும் மஞ்சள்தான். ஊர்வலத்தில் முன்னால் ஆடிக்கொண்டு போனவர் அவர்.

"கம்பந்தான் புடுங்கியாச்சுங்களே. காப்பும் அவுத்தாச்சு. இனி என்னங்க தப்பு? கட்ட மீறி நா ஒண்ணும் செய்யலீங்களே?" என்றார்.

எங்கள் ஊரில் சண்டை போடும்போதுகூட மரியாதை விடமாட்டோம். "உங்க தலைய ஒடச்சுப்போடுவனுங்க" என்றுதான் சொல்வோம். அன்றைக்குச் சின்னச்சாமி அண்ணன் அதை விட்டுவிட்டார்.

"எங்களையெல்லாம் கூட்டிட்டு முன்னால ஆடிக்கிட்டுப் போனயேடா. இங்க மெசின எறக்கிப்போட்டா ஆடுன? சாமியவும் ஏமாத்திப்போட்டயேடா!" என்றார். சேர்மன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த எஸ்தர் அக்காவின் கையை இரண்டு பெண்கள் சேர்ந்துதான் எடுத்துவிட முடிந்தது. விறைத்துப் போயிருந்தது.

6. பில்

அன்று மத்தியானமே மனு போனது. மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்து வேலையை நிறுத்தினார்கள். பூங்கா அதோடு நின்றது. நிதியும் போனது. நாங்கள் கேட்ட வேலைக்கும் சேர்த்துத்தான் போனது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் ஈ.ஓ. என்னைக் கூப்பிட்டார். "வெட்டுன வரைக்கும் அளவெடுத்து எம்-புக்குல ஏத்திருங்கம்மா. கான்ட்ராக்டர் பில்லு கேக்கறாரு."

எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் பில் பாஸாகும். அனுமதியில்லாமல் வெட்டிய மரத்தை நான் அளக்க முடியாது என்றேன். எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், பதிலும் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் எங்கள் ரேட் ஷெட்யூலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். மரத்தை வெட்டுவதற்கு, அதன் சுற்றளவைப் பொறுத்து ரேட் இருக்கிறது. வேரைப் பிடுங்க ரேட் இருக்கிறது. கட்டையை ஏற்றி இறக்க ரேட் இருக்கிறது. நிழலுக்கு ரேட் இல்லை. இத்தனை வருஷம் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நான் வேலை செய்திருக்கிறேன் என்று நினைத்தபோது அதைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

ஊர்க்காரர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. சின்னச்சாமி அண்ணன் டிராக்டர் கொண்டுவந்தார். மிச்ச மரங்களைச் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்தார்கள். நான் போட்டுக் கொடுத்த லெவல்படி கிணற்றுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஐந்து குழியிலும் கன்று வைத்தார்கள். ஐப்பசி மழையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கவில்லை, கிணற்றில் நின்றது. அதைப் பார்க்கச் சேர்மன் ஒரு போட்டோகிராபரோடு வந்தார். பெண்கள் விரட்டிவிட்டார்கள்.

இளம் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சைட் பார்க்கப் போனால் அந்த இடத்தில் ஜனங்கள் இருக்கிற நாளில் போங்கள், உச்சிவெயிலில் போங்கள். மக்கள் ஆதரவு என்று யாராவது போட்டோ காட்டினால், அந்தப் போட்டோவில் இருக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். தடை வாங்க வேண்டியதை அன்றைக்கே வாங்க வையுங்கள். கட்டுப்பாடு உள்ள ஊர் என்று நம்பி ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, இந்தச் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனேன். ஒன்பது மரத்துக்கான ஜனம் நான்கு மரத்தடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. கன்றுகள் என் தோள் உயரம்தான். மூன்றாவது மரத்தடியில் எஸ்தர் அக்காவின் இடத்தில் ஒரு நிறைமாதப் பெண் முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். எஸ்தர் அக்கா நிழலுக்கு வெளியே, தலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா இது? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று கத்தியே விட்டேன்.

"அந்தப் புள்ளையோட மரத்தத்தானுங்க வெட்டிப்போட்டாங்க. மாசமா இருக்கறவள வெயில்ல வெச்சுப்போட்டு நா நெழல்ல உக்காந்தா நல்லா இருக்குங்களா? சித்த நேரந்தானுங்க. பொழுது சாஞ்சா நெழலு இங்க வந்துரும்" என்றார்.

அவர் உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. ஒருத்தி உசுரைக் காப்பாற்ற இன்னொருத்தி உசுரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. மரத்தை வெட்ட வைத்தவர்கள் அந்த நேரத்தில் ஏ.சி. அறையில் இருந்தார்கள். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. என் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். "உக்காருங்க, எதுக்குங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நிழல் நகர்ந்து வரும்வரை நின்றேன். கொஞ்ச நேரத்திலேயே கை கடுக்க ஆரம்பித்துவிட்டது.